பதாகையில் நிற்கும் அக்கா

ஒரு மதகைக் கட்டாமல் விட்டதுதான் பொறியியலாளராக நான் செய்த மிகச் சிறந்த வேலை.

உடுவில் பக்கம் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் மாரி முழுக்க வெள்ளம் நிற்கிறது, மதகு வேண்டும் என்று ஊரவர்கள் எங்கள் திணைக்களத்துக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். அளவு நாடாவுடன் போனேன். அளப்பதற்கு முன் சில வீட்டுப் படலைகளில் நின்று கதைத்துப் பார்த்தேன். வெள்ளம் ஓடுகிற வாய்க்காலுக்குக் குறுக்கே ஒருவர் புது மதில் எழுப்பியிருந்தார். மதிலின் அடியில் ஒரு துவாரம் விட்டால் போதும், மதகே தேவையில்லை. அவரையும் கதைத்துச் சம்மதிக்க வைத்துவிட்டு, திணைக்களக் கந்தோருக்கு வந்து அப்படியே எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது மதகு கட்டிற கந்தோர். கேள்வி கேக்கிற கந்தோர் இல்லை."

அன்று ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது, கேள்வி கேட்கிற கந்தோர் என்று உலகத்தில் எங்கேயாவது ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று யோசித்தேன். இருந்தது. ஒரு நிறுவனம் ஏன் சறுக்குகிறது என்று வெளியிலிருந்து போய்ப் பார்த்து, ஆட்களைக் கேட்டு, காரணத்தைச் சொல்லி, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு வருகிற ஆலோசனைத் தொழில். இணையவழியில் ஒரு பயிற்சியை முடித்தேன். திணைக்களத்தில் சம்பளமற்ற விடுமுறை எடுத்தேன். அதன் பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். இந்த வரிசையில் சொன்னது திட்டமிட்டுத்தான்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டுந்தான். அம்மா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க வேலையைக் கைவிடுகிற ஆள் அவர் கணக்கில் கப்பலில் இருந்து கடலுக்குள் குதிக்கிற ஆள்.

"புத்தி சொல்லுறதுக்கு ஆர் காசு தருவினம்? இஞ்சை கலியாண வீட்டுக்குப் போனால் பந்தியிலை இருக்கிற அவ்வளவு பேரும் சும்மா சொல்லுவினம்."

அம்மாவின் சந்தை ஆய்வில் பிழை பிடிக்க முடியவில்லை. எந்தக் காணியை விற்பது, எந்தக் கண் டொக்டரிடம் போவது, கனடாவில் இருக்கிற மகனிடம் எதைச் சொல்லக் கூடாது, எல்லாவற்றுக்கும் எங்கள் வலிகாமப் பகுதியில் ஆலோசனை தாராளமாகக் கிடைக்கிறது. கேட்காமலே கிடைக்கிறது. விலை பூச்சியம்.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். விடுமுறை முடிவதற்குள் ஒரேயொருவராவது என் ஆலோசனைக்குக் கட்டணம் தந்தால் வேலையை விடலாம். தராவிட்டால் மறுபேச்சில்லாமல் மதகுக்குத் திரும்ப வேண்டும். அதுவரை கேட்கிறவர்களுக்கெல்லாம் அம்மா "லீவிலை நிக்கிறா" என்றே சொல்லி வந்தார். அம்மாவுக்கு இஞ்சினியர் என்பது என் தொழில் இல்லை, பெயரின் முற்பகுதி. கோயில் உபயகாரர் பட்டியலில்கூட அப்படித்தான் போட்டிருந்தார்.

விடுமுறையின் பெரும்பகுதி வீணாகப் போன பிறகு சேரிடமிருந்து அழைப்பு வந்தது.

சேர் கொக்குவிலில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு தனியார் கல்வி நிலையம் நடத்துகிறவர். ரியூட்டரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் நான் அவரிடம்தான் படித்தேன். அவருடைய வாசல் பதாகையில், பொறியியல் பீடத்துக்குத் தெரிவானவர்கள் வரிசையில் என் படம் இன்னும் நிற்கிறது. றோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ரியூட்டரி. இரசாயனவியலுக்கு அங்கே போனேன். ஆகவே அந்தப் பதாகையிலும் நான் நிற்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் அது எத்தனை ரியூட்டரிக்குப் போனதோ அத்தனையும் அதைப் பெற்றதாகச் சொல்லும். றோட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பிள்ளை, நீர் லீவிலை நிக்கிறீராம்," என்றார் சேர். "இஞ்சை பிள்ளையள் குறையுது. என்னண்டு எண்டு விளங்கேல்லை. வந்து ஒருக்காப் பாரும்."

"பாக்கிறன் சேர். ஆனால் நான் ஃபீஸ் எடுப்பன்."

"என்னட்டையோ?"

"நானும் ஃபீஸ் குடுத்துத்தானே சேர் உங்களிட்டைப் படிச்சனான்."

சேர் சிரித்தார். "சரி. நீர் சொல்லுறது சரியாயிருந்தால் தாறன்."

போன அன்றே தான் கண்டுபிடித்த காரணங்களைச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் ஏசி போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஃபோனும் கையுமாகத் திரிகிறார்கள். எதிர்ப்பக்கத்துக் கணித மாஸ்டர் இளஞ்சிவப்புச் சேர்ட் போடுகிறார். மூன்றையும் குறித்துக்கொண்டு வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்கு நான் ஸ்ரூடியோக்காரருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பதாகையில் இருப்பது எண்ணெய் வழித்த இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சீருடையும் மாவில் புரட்டியெடுத்த முகமும். இப்போது எனக்குக் குட்டை முடி, கண்ணாடி, சொந்த நிறம்.

சேர் நேரத்துக்கு வந்தார். சோக்கை எடுத்தார். பலகைக்குத் திரும்பி ஒரு முக்கோணம் கீறினார். பிறகு பலகையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதே வகுப்பிலை ஒரு பிள்ளை இருந்தது..."

வகுப்பு முழுவதும் பேனாவைக் கீழே வைத்தது. பழகிய கைகள்.

அந்தப் பிள்ளை கடும் காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வகுப்புக்கு வந்ததாம். வலது கை வெட்டுப்பட்டபோது இடது கையால் கணக்குச் செய்ததாம். ஒரு கணக்கு வராவிட்டால் அது வரும்வரை சாப்பிடாதாம். கேட்கக் கேட்க எனக்கே அந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் போயிற்று. அது நான்தான் என்பது பிந்தித்தான் உறைத்தது. யாழ்தேவி ரயில் கடந்து போகிற இரைச்சலுக்குக்கூடச் சேர் நிறுத்தவில்லை. குரலைத்தான் உயர்த்தினார். முக்கோணம் பலகையில் காத்திருந்தது. வகுப்பு பிந்தி முடிந்தது. அடுத்த வகுப்பிலும் ஒரு கதை, அதற்கடுத்ததிலும்.

சைக்கிள் தரிப்பிடத்தில் நின்று பிள்ளைகளைக் கேட்டேன். மானிப்பாயிலிருந்து வருகிற ஒரு பெண்பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள்.

"உண்மையைச் சொல்லட்டே அக்கா? சேர் நல்லாப் படிப்பிப்பார். படிப்பிச்சால்."

"பேந்தென்ன?"

"உந்தப் படத்திலை நிக்கிற இஞ்சினியர் அக்கா எல்லோ? உவவின்ரை கதையிலை பாதி நேரம் போகுது. பேந்து அந்தப் பாதியையும் படிப்பிச்சு முடிக்க வேணுமெண்டு பிந்தி விடுவார். என்ரை பஸ் போயிடும். முன்னாலை ரியூட்டரியிலை விளங்குதோ இல்லையோ நேரத்துக்கு விடுவினம். அம்மா அங்கை மாறச் சொல்லுறா."

பக்கத்தில் நின்ற பெடியன் சேர்ந்துகொண்டான். "நேற்று நான் ஒரு கணக்குப் பிழைவிட்டிட்டன். 'அந்தப் பிள்ளை இருந்த வாங்கிலை இருந்துகொண்டோ பிழைவிடுறாய்' எண்டு கேட்டார். நான் வாங்கை மாத்திப் போட்டன்."

"உவ வெளிநாட்டுக்காவது போயிருந்தால் நாங்கள் தப்பியிருப்பம்," என்றாள் மானிப்பாய்ப் பிள்ளை. "உங்களுக்கு உவவைத் தெரியுமே அக்கா?"

"கண்டிருக்கிறன்."

"எப்பிடி ஆள்?"

"அவ்வளவு சொல்லிக்கொள்ளுற மாதிரி இல்லை."

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஆலோசகருக்கு விடயத்தில் சொந்தச் சம்பந்தம் இருக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆலோசகரே நோயாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. 'நேர முகாமைத்துவத்தில் குறைபாடு' என்று பூசி மெழுகியிருக்கலாம். அப்படி எழுதினால் சேர் பிள்ளைகளைத்தான் ஏசுவார், கதைகள் தொடரும், பிள்ளைகள் போய்க்கொண்டே இருப்பார்கள், நான் சொன்னது பிழையென்று ஆகும், நான் மதகுக்குப் போவேன். உண்மையை எழுதினாலும் மதகுக்குப் போகலாம். ஆனால் மதில்காரரிடம் உள்ளதைச் சொன்ன எனக்கு, சேரிடம் மட்டும் வேறு கதை சொல்ல வரவில்லை.

மறுநாள் அவருடைய சிறிய அறையில், தேத்தண்ணியும் மலிபன் பெட்டிக்குள் வேறு கடை பிஸ்கட்டும் வைக்கப்பட்ட மேசைக்கு முன்னால் சொன்னேன்.

"பிள்ளையள் குறையிறதுக்குக் காரணம் நான்தான் சேர்."

"நீர் என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பிரச்சினை. நீங்கள் சொல்லுற ஒண்டையும் நான் செய்யேல்லை."

எல்லாவற்றையும் விளக்கினேன். கதை தின்னும் நேரம், பிந்தி முடிகிற வகுப்பு, போய்விடுகிற பஸ், கவலைப்படுகிற தாய்மார். சேர் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் பிடித்தபடியே இருந்தார். அது ஊறிக் கோப்பைக்குள் விழுந்தது.

"காய்ச்சலோடை வந்தனீர் எல்லோ?"

"இல்லை சேர். கஞ்சி குடிச்சுப் போட்டு வீட்டிலை படுத்திருந்தனான்."

"அப்ப போர்வையோடை வந்தது ஆர்?"

இருவரும் கொஞ்சநேரம் யோசித்தோம். ஒருவரும் வந்ததாகத் தெரியவில்லை.

"இன்னொண்டும் சொல்ல வேணும் சேர். நான் இஞ்சினியர் வேலையை விடப் போறன்."

சேர் யன்னலால் வாசலைப் பார்த்தார். "அப்ப உந்தப் படம்?"

"கழட்டினாலும் எனக்குப் பிரச்சினையில்லை."

அது அவருக்குப் பொறுக்கவில்லை. "என்ரை பிள்ளையளைப் பற்றி என்ரை வகுப்பிலை நான் கதைக்கக் கூடாது. அதைச் சொல்லுறதுக்கு நான் உமக்குக் காசும் தரவேணும்," என்று எழுந்தார். சோக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். மிச்சப் பிஸ்கட்டை நான் சாப்பிட்டு முடித்தேன். அதுதான் அன்றைய வருமானம்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா எழுந்து போனார். அலுமாரியைத் திறந்து, கந்தோருக்கு நான் கட்டுகிற சேலைகளை வெளியே எடுத்து அயர்ன் பண்ணத் தொடங்கினார். அம்மா நன்றாக ஏசியிருந்தால் இதைவிடச் சுகமாக இருந்திருக்கும். விடுமுறையில் இன்னும் சில நாட்களே மிச்சம்.

அந்த வார முடிவில் எதிர்ப்பக்கத்து ரியூட்டரியின் சொந்தக்காரி, எனக்கு இரசாயனவியல் படிப்பித்த மிஸ், ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, உங்கை முன்னாலை போய் என்னவோ சொல்லிப் போட்டீராம். மனிசன் இப்ப கதையில்லாமல் படிப்பிக்குதாம், நேரத்துக்கு விடுதாம். இஞ்சை வந்த பெட்டையளிலை சிலபேர் திரும்பிப் போட்டினம். எனக்கும் வந்து ஒருக்காச் சொல்லும். ஃபீஸைப் பற்றி யோசிக்காதையும்."

நான் கேட்கக் காத்திருந்த வசனம் அது. ஆனால் சேரின் வகுப்புக்குள் இருந்து அறிந்ததை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போவது சரியாகப் படவில்லை.

"மிஸ், ஒரே நேரத்திலை றோட்டின்ரை ரெண்டு பக்கமும் நிக்கேலாது."

"ஏன் பிள்ளை, உம்மடை படம் நிக்குது எல்லோ?"

அடுத்த நாள் சொல்வதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, நேரே சேரிடம் போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். நான் சொன்னது வேலை செய்கிறது. எதிர்ப்பக்கம் என்னைக் கூப்பிடுகிறது. நான் உங்களுடைய ஆலோசகர் என்றால் அங்கே போகமாட்டேன். இல்லையென்றால் எனக்கும் உங்களுக்கும் கணக்கு முடிந்தது, உங்கள் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே வேலை செய்வேன்.

"அவ எவ்வளவு தாறனெண்டவ?" என்றார் சேர்.

"எவ்வளவெண்டாலும் தாறனெண்டு."

"எவ்வளவெண்டாலுமோ!" சேர் மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே ஓர் உறை இருந்தது. அதன்மேல் என் பெயர் ஏற்கனவே எழுதியிருந்தது. எத்தனை நாளாக அது அங்கே கிடந்ததோ, நான் கேட்கவில்லை. அவர் கையைவிட்டு அது உடனே வரவுமில்லை.

"கிழமைக்கு ஒரு கதை சொல்லலாமோ? சின்னனா?"

"உண்மையானதெண்டால் சொல்லுங்கோ சேர்."

"உம்மைப் பற்றி உண்மையா என்ன இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, போர்வை இல்லை, இடது கை இல்லை. "ஒரு நாள் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் பிழைவிட்டு, பின்வாங்கிலை இருந்து அழுதனான். நீங்கள் காணேல்லை."

"உதையெல்லாம் பிள்ளையளுக்குச் சொல்லுறதோ?"

"அதைச் சொன்னால் பேனையைக் கீழை வைக்கமாட்டினம்."

சேர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் உறையைத் தந்தார். படத்தை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார். சொன்னதில் பாதியை ஒருவர் கேட்டாலே ஆலோசகருக்கு நல்ல நாள் என்று அன்று படித்தேன். மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பறுவாயில்லை, அவர் உம்மோடை கோவிச்சவுடனை வாரும்," என்றார். நம்பிக்கையுள்ள மனுசி.

அன்று பின்னேரம் மடிக்கணினியில் பதவி விலகல் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். உறை பக்கத்தில் மேசையில் இருந்தது. அம்மா தேத்தண்ணியோடு வந்தார். உறையைப் பார்த்தார், தொடவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று திரையை வாசித்தார். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய.

"தாழ்மையுடன் எண்டு ரெண்டு இடத்திலை போட்டிருக்கிறாய்," என்றார் கடைசியில். "ஒண்டு போதும். திகதியும் மேலை வலப்பக்கம் வரவேணும்."

ஒன்றை அழித்தேன். திகதியை மேலே கொண்டுபோனேன். கடிதம் உண்மையிலேயே திருந்தியிருந்தது.

"இந்த ஆலோசனைக்கு ஃபீஸ் எவ்வளவு அம்மா?"

"கோப்பையைக் கழுவி வை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.