சாக்பீஸ் கோட்டுக்குள் கார்புரேட்டர்

அப்பா அறிவியல் ஆசிரியர். எதையும் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டால் புரிந்துவிடும் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கையில்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் எங்கள் பழைய காரின் கார்புரேட்டரைக் கழற்றினார்.

சேரன்மகாதேவியில் ஆசிரியர் வீட்டுக்குக் கார் எதற்கு என்று ஊரே சிரித்தது. எனக்கு அடுத்துப் பிறக்க வேண்டிய தம்பி, வாடகைக் கார் வரத் தாமதமானதால் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே தவறிப்போனான். அதன்பிறகு அம்மா மறுபடி உண்டானதும் அப்பா செய்த முதல் காரியம், அந்தக் காரை வாங்கியது. அதுவோ ஆஸ்பத்திரி இருக்கும் பாளையங்கோட்டைக்குப் பாதி வழியில் திணறி நின்றுவிடும். அம்மாவுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது.

அடுக்களை வாசலை ஒட்டிச் சிவப்புத் தரையில் ஊசி, மிதவை, திருகாணி என்று ஒவ்வொரு பாகத்தையும் வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு எண் எழுதினார். வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். பித்தளை மிதவையை என் காதருகே குலுக்கினார். உள்ளே பெட்ரோல் தளும்பியது.

"மிதக்க வேண்டியதுல ஓட்டை. அதான் வண்டி பெட்ரோலைக் குடிச்சு மூச்சு முட்டுது" என்றார், கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்த பையனைப் போல. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "ஏளா, ஒரு நம்பர் அழிஞ்சாலும் தோலை உரிச்சிருவேன்" என்றார்.

நான் சுவரோடு சுவராக நடந்தேன்.

உள்ளே இருந்த பெட்ரோலை வடித்து, ஓட்டையில் ஈயம் வைத்து அடைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, அம்மா ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் அடுக்களை நிலையையும் பிடித்தபடி நின்றாள். அவள் காலடியிலிருந்து தண்ணீர் ஓடிவந்து எண்களைக் கரைத்தது. அம்மா செம்பைக் கவிழ்த்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்பாவின் முகம் வெளிறியது. அம்மாவை அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். ஓடிப்போய்ப் பாவாடையால் தரையைத் துடைத்தேன்.

"நாந்தான் கொட்டிட்டேன்பா!"

அது அவர் காதில் விழவேயில்லை. வாடகைக் காரைத் தேடித் தெருமுனைக்கு ஓடினார். அது ராதாபுரத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. திரும்பி வந்து ஈரத்திலேயே உட்கார்ந்தார். மாட்டப் போன திருகாணி திரும்பத் திரும்ப விழுந்தது. எது முதலில், எது பிறகு என்று அவருக்கு மறந்தே போய்விட்டது.

சுவரில் சாய்ந்திருந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அங்கன இல்லங்க. ஊசியப் போட்டுட்டுல்லா மிதவையப் போடணும். காலைலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். பைய மாட்டுங்க."

கார் இருமியது, புகை விட்டது, கிளம்பியது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தபோது அது மறுபடி இருமியது. அம்மா என் கையை நெரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் காருக்காகச் சொன்னேன். கார் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். உள்ளே காத்திருக்க அவரால் முடியவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு நர்சம்மா ஜன்னலருகே குனிந்து, "பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சுகமா இருக்காங்க சார்" என்றாள்.

அப்பா ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததேயில்லை. அவர் முதுகைத் தொட்டுச் சொன்னேன்:

"இனிமே தண்ணி கொட்ட மாட்டேன்பா."