கோவிலுக்குப் போய்த் திரும்பியவள்

என் மேல் காரை ஏற்றியவன் குடித்திருந்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவனுக்கே இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் கிடா விருந்து தின்றுவிட்டு, நல்ல வெளிச்சத்தில், சாயங்காலம் நான்கு மணிக்கு, வாய்க்கால் கரைத் தார்ச்சாலையில் வந்தான். நாங்கள் ஒன்பது பெண்கள் சம்பா நடவு முடித்து ஓரமாக வந்துகொண்டிருந்தோம். ஆள் சேர்த்து வேலைக்கு அழைத்துப்போவது நான். அதனால் எல்லோரையும் முன்னால் விட்டுக் கடைசியில் வருவேன். கார் என் வலது முழங்காலை அடித்துத் தள்ளிவிட்டு, வாய்க்காலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். நான்காம் நாள் அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, ஆப்பிளும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்தான். அந்தப் பெண் அழுதாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "லேசாத்தாம்மா போட்டிருந்தேன்" என்றான்.

"லேசாப் போட்டதுக்கே இப்படின்னா, நல்லாப் போட்டிருந்தா என்னைக் கொளுத்தி மூணாம் நாளு ஆயிருக்கும்டா" என்றேன். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அவன் பழத்தை வைத்துவிட்டுப் போனான். அதற்கு மேல் அவனிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

என்னோடு நடவுக்கு வருகிறவர்கள் பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள். "ஏன்க்கா, காலுக்குள்ள இரும்பு வச்சிருக்காமே, இனிமே இடி விழுந்தா ஒன் தலையிலதான் விழும். எங்களை விட்டுத் தள்ளியே நில்லு" என்றாள் ஒருத்தி. சிரித்தோம். அவர்கள் போன பிறகு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

எனக்கு ஒரே மகன். அவன் அப்பா செத்தபோது அவனுக்கு ஆறு வயது. எங்கள் தெருவில் முதலில் அரசுப் பள்ளி வாத்தியார் ஆனவன் அவன்தான். ஒரத்தநாட்டில் வாடகை வீடு எடுத்துத் தங்கியிருந்தான். வேலை கிடைத்த மாதமே, "இனிமே நீ வயலுக்குப் போவக் கூடாதும்மா" என்றான். சரி என்றேன். திங்கள் முதல் சனி வரை போனேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான் என்பதால் அன்று மட்டும் போகமாட்டேன். சனிக்கிழமை சாயங்காலமே நகக்கண்ணில் இருக்கும் சேற்றை ஈர்க்குச்சியால் எடுத்து, புளி போட்டுக் கையைத் தேய்த்துவிடுவேன். அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என் குதிகால் வெடிப்பைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்படியே நான்கு வருடம் ஓட்டினோம்.

அந்தச் சமயத்தில் அவனுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் மன்னார்குடிப் பக்கம். நான் அடிபட்ட மறுநாள் காலை அவர்கள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்களாம். போலீஸ்காரர் அப்போதுதான் புகார் எழுதி வாங்க வந்திருக்கிறார். நான் ஊசி மயக்கத்தில் கிடந்தேன். என் மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான். போர்டில் எழுதிப் பழகிய கை, குண்டு குண்டாக அழகான எழுத்து.

அதில் இருந்தது எனக்கு ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நஷ்ட ஈட்டு வழக்குக்கு ஒரு வக்கீலைப் பிடித்திருந்தோம். நான் நடவு வேலைக்குப் போய்த் திரும்பும்போது அடிபட்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் போலீஸ் காகிதத்தையும் என் மூஞ்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? நடவுக்குப் போனவங்களா, கோவிலுக்குப் போனவங்களா?"

படித்துக் காட்டினார். 'வீட்டில் இருக்கும் என் தாயார் கோவிலுக்குப் போய்த் திரும்பி வரும்போது' என்று எழுதியிருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு எங்கள் ஊர்க் கோவிலில் கதவுகூடத் திறந்திருக்காது.

வக்கீல் நல்லவர், சுற்றி வளைக்காமல் சொன்னார். "இப்படியே விட்டுட்டா இல்லத்தரசின்னு வச்சு ஏதோ கொடுப்பாங்க. உண்மையைச் சொல்லணும்னா, எழுதிக் கொடுத்த உங்க மகன் கூண்டுல ஏறி, நான் எழுதினது தப்புன்னு சொல்லணும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? என் முழங்கால் மடங்காது. நடவு என்றால் பகல் முழுக்கக் குனிந்தபடி பின்னால் நகர வேண்டும். சேற்றில் புதையும் காலை ஒவ்வொரு அடிக்கும் மடக்கி உருவ வேண்டும். எனக்கு இனி அது கிடையாது. என் வேலை போய்விட்டது என்று கோர்ட்டு எழுத வேண்டும் என்றால், எனக்கு வேலை இருந்தது என்று முதலில் எழுத வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும் என்றேன்.

அன்று சாயங்காலம் மகனிடம் கேட்டேன். அவனுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது.

"அவங்க பக்கத்துல நின்னாங்கம்மா. வாய்ல அதுதான் வந்துச்சு."

"நடவு நட்டான்னு சொன்னா பொண்ணு தரமாட்டாங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் அடுப்படியில் இருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "எங்கம்மாவும் களை பறிச்சவங்கதான் அத்தை. நான் காலேஜ் சேந்தப்புறம்தான் நிறுத்துனாங்க. உங்க வீட்டுல இதைச் சொல்ல வேணாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

மகன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

வழக்கு வாய்தா வாய்தாவாக மூன்று வருடம் இழுத்தது. நான் வேலை செய்த நிலத்தின் முதலாளியிடம் ஒரு கடிதம் கேட்டேன். இருபது வருடம் அவர் வயலில் நட்டவள் நான். "எழுத்துல எல்லாம் வேணாம்மா, அப்புறம் என்னையும் கோர்ட்டுக்குக் கூப்பிடுவான்" என்றார். என்னோடு நட்டவர்களில் ஒருத்தி சாட்சிக்கு வந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இவங்க உனக்குச் சொந்தமா?"

"ஒரே தெருங்க. எல்லாரும் சொந்தந்தான்."

அவ்வளவுதான், அவள் சாட்சி போயிற்று.

என் முறை வந்தபோது அவர் புகாரை எடுத்து நீட்டினார். "இது உங்க மகன் கையெழுத்துதானே? படிச்சவர், வாத்தியார். கோவிலுக்குன்னு எழுதியிருக்காரு. நீங்க வயலுக்குங்கறீங்க. அவர் பொய் சொல்றாரா, நீங்க சொல்றீங்களா?"

என் மகன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"அவன்தான் பொய் எழுதுனான்."

"எதுக்கு?"

"நான் கூலிக்காரிங்கறது அவனுக்கு வெக்கம்."

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். டைப் அடிக்கிற பெண்ணின் கை நின்று, பிறகு மறுபடி அடித்தது. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் மகன் என் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்று சீட்டு முன்னால் உட்கார்ந்தான். அவன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சின்ன வயதில் அவனைக் கரையில் துண்டு விரித்துக் கிடத்திவிட்டு நடுவேன். அழுதால் சேற்றுக் கையோடு ஓடி வந்து தூக்குவேன். அந்தக் கழுத்தில் எத்தனை தடவை சேறு அப்பியிருப்பேன்.

அடுத்த வாய்தாவுக்கு அவன் சாட்சி சொல்ல வர வேண்டும். வருவானா என்று எனக்கு நிச்சயமில்லை. வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பேனா. கூண்டில் ஏறினான். புகாரில் பதற்றத்தில் தப்பாக எழுதிவிட்டேன், அம்மா அன்று வயலில் இருந்துதான் வந்தார்கள் என்றான். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "உங்கம்மா தினமும் கூலி வேலைக்குப் போறவங்களா?"

என் மகனின் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் இன்னொரு வாத்தியாரும் வேறு ஏதோ வழக்குக்காக அன்று வாசலோரம் நின்றிருந்தார். என் மகன் அவரை ஒருமுறை பார்த்தான்.

"எப்பவாவது போவாங்க சார். பொழுது போகலைன்னா."

பொழுது போகவில்லை என்று! முப்பது வருடம் நான் பொழுது போகாமல் சேற்றில் நின்றேனாம்.

தீர்ப்பு வந்தது. வக்கீல் ஆபீஸ் மாடிக்குப் போய்க் கேட்டோம். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. முக்கியமான இடத்தை வக்கீல் தமிழில் சொன்னார்: மனுதாரர் எப்போதாவது விவசாய வேலைக்குச் செல்பவர் என்று அவருடைய மகனே சாட்சி சொல்லியிருப்பதால், அவரை முழுநேரக் கூலித் தொழிலாளியாகக் கருத இயலாது. கொடுத்த பணம் நாங்கள் கேட்டதில் பாதிகூட இல்லை.

"அப்பீல் போவோம்மா" என்றான் மகன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனாலும் நீங்க சொன்ன அந்த வார்த்தை அப்படியேதான் நிக்கும் தம்பி. கோர்ட்ல நான் சொன்னது பொய்னு நீங்களே எழுதிக் கொடுத்தா மனு போட்டுப் பாக்கலாம். ஆனா சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னதா ஆகும். நீங்க கவர்மெண்ட் வேலை. யோசிச்சுக்கங்க."

மகன் என்னைப் பார்த்தான். எழுதிக் கொடுக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன், கொஞ்ச நேரம்தான். என் பிள்ளையின் வேலையைப் பிடுங்கி என் வேலையை நிரூபிக்கும் அளவுக்கு எனக்குத் தெம்பில்லை.

"கொடுத்த பணத்தை வாங்கிக்க எங்க கையெழுத்துப் போடணும் சார்?" என்றேன். காட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன்.

கீழே இறங்கும் படி குறுகலாக, செங்குத்தாக இருந்தது. கைப்பிடி கிடையாது. மகன் இரண்டு படி முன்னால் இறங்கி, திரும்பிக் கையை நீட்டினான். தட்டிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. முழங்கால் மடங்காது. பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.