நடங்க சார், நடங்க!

போன மாதம் என் பக்கத்து வீட்டு கணேசனுக்கு முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். வயது நாற்பத்தெட்டு. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை.

சர்க்கரை இருந்தது. டாக்டர் சொன்னபடி அவர் மனைவி மாலதி சாதத்தைக் குறைத்து, காயைக் கூட்டினார். மனிதர் முனகிக்கொண்டே சாப்பிட்டார். நடக்க மட்டும் மாட்டேன் என்றார்.

“சேலையூர்ல எங்க சார் நடக்கறது? இந்தப் பக்கம் தண்ணி லாரி, அந்தப் பக்கம் கால்வாய்…”

“சாக்கு சொல்லாதீங்க. நடங்க சார், நடங்க!”

விரட்டியது வேறு யாருமில்லை, நான்தான். தினமும் காலை ஆறு மணிக்கு பெல் அடித்து இழுத்துக்கொண்டு போவேன். அறிவுரை சொல்வதில் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு சுகம் இருக்கிறதே!

மூன்றாவது வாரம். பின்னாலிருந்து லாரி ஹார்ன் அலறியது. இருவரும் ஒதுங்கினோம். நான் மண்ணில் கால் வைத்தேன். அவர் வைத்தது கால்வாய் மூடிய சிமென்ட் ஸ்லாப் மேல். அது உடைந்து, கால் உள்ளே இறங்கியது.

தூக்கிவிட்டேன். பாதத்தில் சின்னக் கிழிசல்.

“வலிக்கவே இல்ல சார்” என்று சிரித்தார்.

எனக்கு நிம்மதி! சர்க்கரைக்காரரின் காலுக்கு வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து என்று அன்று எனக்கு யார் சொன்னது?

பத்து நாளில் விரல் கறுத்தது. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு…

மாலதியைப் பார்க்கும் தைரியமில்லாமல் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது அவர் திட்டவில்லை. காபி கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

நேற்று நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது சுகாதார சர்வே எடுக்க ஒரு பெண் வந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்கிறார்களாம்.

“உண்மையான காரணம் தெரிஞ்சாதான் மேடம் எதையாவது மாத்த முடியும்” என்றார். நியாயமான பேச்சு.

கணேசன் இப்போது நடப்பதில்லை என்று மாலதி சொன்னார்.

“சார் வாக்கிங் போறதில்லையா? காரணம் சொல்லுங்க. நேரமில்லை, ஆர்வமில்லை, உடல்நிலை சரியில்லை… இதுல எது?”

மாலதி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். “இதுல ரோடு எங்கம்மா இருக்கு?”

“ரோடா? அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே மேடம்…”

உள் அறைக் கட்டிலில் இருந்து கணேசன் குரல் கொடுத்தார்.

“உடல்நிலைன்னு டிக் பண்ணிக்கம்மா.”

டிக் பண்ணிக்கொண்டார். ரோடு தப்பித்துவிட்டது!