படகுக்காக நின்றவர்கள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'மரக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வீடியோ கேம் தயாரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் அவள் மரம் வரைந்துகொண்டிருந்தாள். பந்தய கேமில் சாலையோர மரம், சண்டை கேமில் எரிந்துபோன மரம், குழந்தைகளுக்கான கேமில் சிரிக்கும் மரம். விளையாடுபவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள். இந்த வேலைக்கு வருமுன் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைகளின் முகப்பருவை அழிப்பதற்கு மரம் வரைவது எவ்வளவோ தேவலை என்று வந்தவள், முப்பத்தெட்டு வயதிலும் மரத்தை விட்டு இறங்கவில்லை.

புதிய கேமில்தான் அவளுக்கென்று ஒரு லெவல், ஒரு முழுக் கட்டம், கிடைத்தது. மணிக்கூண்டுக் கடிகாரத்தின் முள் ஒன்றை, தன்னைவிட உயரமான முள்ளை, தோளில் சுமந்துகொண்டு ஒரு பெண் ஊர் ஊராக நடந்து போவதுதான் கதை. வழியில் ஓர் ஆறு குறுக்கிடும். அந்த ஆறு முழுக்க முழுக்க மரக்காவின் பொறுப்பு.

அவள் ஆற்றில் கற்களைப் போட்டாள். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவிப் போக வேண்டும். மிதித்தால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு ஓசை கொடுக்கும். தடுமாறாமல் போனால் அக்கரை சேரும்போது ஒரு சின்ன மெட்டு முடிந்திருக்கும். கல்லை விரற்கடை அளவு நகர்த்துவாள், தாவிப் பார்ப்பாள், மறுபடி நகர்த்துவாள். இப்படியே எட்டு மாதம் போயிற்று. அலுவலகத்தில் எல்லோரும் தாவிப் பார்த்துவிட்டு, "பிரமாதம்கா" என்றார்கள்.

பிறகு வெளியாட்கள் சில நூறு பேருக்கு கேமை வெள்ளோட்டமாகக் கொடுத்தார்கள். விளையாடுகிறவர்கள் எந்த இடத்தில் வெறுத்துப்போய் மூடிவிடுகிறார்கள் என்பதைச் சிவப்புப் புள்ளிகளால் காட்டும் ஒரு வரைபடம் உண்டு. காட்டில் இரண்டு புள்ளி, கோட்டையில் நாலு புள்ளி. ஆற்றங்கரையில் குங்குமத்தைக் கொட்டியதுபோல் இருந்தது.

"கஷ்டமா இருக்குபோல. கல்லைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க" என்றார் முதலாளி. அவர் அவளைவிட ஏழு வயது இளையவர்.

அவள் கிட்டக் கொண்டுவந்தாள். சிவப்பு குறையவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். கைக்குழந்தைகூடத் தாண்டிவிடும் என்ற நிலை வந்தபிறகும் சிவப்பு அப்படியே இருந்தது.

முதலாளி தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம்கா. சரியாகலைன்னா ஆத்தைத் தூக்கிடுவோம். காட்டுலேர்ந்து நேரா கோட்டைக்குப் போயிடட்டும். நீங்க பழையபடி மரத்தைப் பாத்துக்குங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஆறுதலாகச் சொன்னார். அதுதான் அவளைக் குத்தியது.

அந்தச் சமயம் வீட்டில் கணவனின் அக்கா, அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் நாத்தனார், வந்து தங்கியிருந்தாள். வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு தம்பி வீட்டு சோபாவை ஆண்டுகொண்டிருந்தாள். தம்பி மனைவியின் வேலையைப் பற்றி அவளுக்கு ஆதியிலிருந்தே ஓர் அபிப்பிராயம் உண்டு.

"பொம்மை வரையறதுக்குச் சம்பளம் குடுக்கறான் பாரு, அந்த மகராசனைச் சொல்லணும்" என்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவளே கேட்டாள். "உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குது. உன் பொம்மையையாவது குடு, பாப்போம்."

கேம் செய்கிறவர்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாக ஒருவர் விளையாடும்போது, செய்தவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. அலுவலகத்தில் யாராவது திறந்துவிட்டால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஆனால் அங்கே விளையாடிப் பார்த்தவர்கள் எல்லோரும் கேமிலேயே ஊறியவர்கள். கல்லைக் கண்டதும் கால் தானாகத் தாவும். அண்ணி வாழ்நாளில் கேம் விளையாடியதே இல்லை. மரக்கா போனைக் கொடுத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, இவ எதுக்கு இம்மாம் பெரிய கம்பியத் தூக்கிக்கிட்டு அலையறா? ஒரு வண்டி புடிக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்தபடியே அண்ணி காட்டைக் கடந்துவிட்டாள். ஆற்றங்கரைக்கு வந்தாள். நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

மரக்காவுக்கு நாக்கு அரித்தது. கற்கள் கண்ணெதிரே வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு தொடு தொட்டால் போதும். அடுப்படியிலிருந்து வந்த கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தக் கல்லு மேல..." என்று ஆரம்பித்தான். அவள் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ! எதுக்குடி கிள்ற?"

"டேய், சத்தம் போடாதே. ஆளு வர்ற நேரம்" என்றாள் அண்ணி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாரும் வரவில்லை. அண்ணி போனை மடியில் போட்டாள். "நான் விளையாடலை போ. எவ்வளவு நேரம் நிக்கறது? அந்தப் படகுக்காரன் வருவானா, மாட்டானா?"

"எந்தப் படகு அண்ணி?"

"நீதானே வரைஞ்சே? அந்தக் கரையில கட்டியிருக்கே, அது."

அக்கரை மொட்டையாக இருக்கிறதே என்று ஒரு மதிய வேளையில் அழகுக்காக வரைந்து வைத்த படகு. வரைந்ததையே அவள் மறந்துவிட்டிருந்தாள்.

"கல்லு இருக்கே அண்ணி. தாண்டிப் போகலாமே."

"பாத்தேன். இவ்வளவு பாரத்தைத் தோள்ல ஏத்திவிட்டு, வழுக்குற கல்லு மேல குதிடின்னா குதிப்பியா நீ? அதுவும் படகு இருக்கறப்ப?"

சிவப்புப் புள்ளிகள் அத்தனையும் மரக்காவின் கண்முன் வந்தன. யாரும் ஆற்றில் விழுந்து வெறுத்துப் போகவில்லை. கரையில் நின்று, வராத படகுக்காகக் காத்திருந்து, சலித்துப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலை புரோகிராமரிடம் போனாள். ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து எந்நேரமும் மூக்கை உறிஞ்சுவதால் அவனுக்குச் 'சளி' என்று பெயர்.

"இவ்வளவுதானா?" என்றான் சளி. "படகை அழிச்சிடுங்கக்கா. ஒரே நிமிஷம்."

அவளும் அப்படித்தான் நினைத்து அழித்துப் பார்த்தாள். கற்கள் மட்டும் இருந்தன. முள்ளைச் சுமந்த பெண் கரையில் நின்றாள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, இவள் குதிக்க மாட்டாள் என்று மரக்காவுக்கே பட்டது. குதித்ததெல்லாம் தானும் தன் கூட்டாளிகளும்தான்.

"படகு வரணும்டா" என்றாள். "நாளைக்குள்ள முடியுமா?"

சளி மோட்டுவளையைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். "கோட்டையில ஒரு லிப்ட் இருக்கில்ல? மேலயும் கீழயும் போறதைப் படுக்கப் போட்டு ஓட்டினா படகுதான். யார் கண்டுபிடிக்கப் போறா?"

சாயங்காலத்துக்குள் லிப்ட் தண்ணீரில் மிதந்து வந்தது. முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் சளி தயங்கினான்.

"அக்கா, ஒரு சிக்கல். கல்லு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிச் சத்தம், தனித்தனி அசைவு. அதோட படகும் சேர்ந்தா பழைய போன்ல திக்கித் திணறுது. ரெண்டுல ஒண்ணுதான் ஓடும்."

எட்டு மாதம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"கல்லை எடுத்துடலாம்" என்றாள் மரக்கா.

"நான் எடுக்கறேன்கா. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"நகரு. நானே எடுக்கறேன்."

சளி எழுந்து இடம் விட்டான். அவள் இக்கரையிலிருந்து ஆரம்பித்தாள். கல்லைத் தொட்டதும் அதன் ஓசை ஒருமுறை எழுந்தது, பிறகு கல் மறைந்தது. மெட்டு அறுந்து அறுந்து கேட்டது. கடைசிக் கல்லும் போனபின் தண்ணீர் மட்டும் கரைக்குக் கரை விரிந்து கிடந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். "இப்பதான்கா ஆறு மாதிரி இருக்கு. இருக்கட்டும், தூக்க வேண்டாம்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் சளி புடிச்சிடுச்சு" என்றாள். பிறகு திரையைக் காட்டி, "படகு ரொம்ப வேகமா வருது. லிப்ட் மாதிரியே இருக்கு. இன்னும் மெதுவா வரட்டும்" என்றாள்.

"சலிச்சுப் போயிட மாட்டாங்களா?"

"வருதுன்னு தெரிஞ்சா நிப்பாங்கடா" என்று நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "உக்காரு, வேகத்தைக் குறை."