செத்த முயல்களை மறைத்தவன்

என் ஆண் முயலைத் தேடி எங்கள் அன்புவழிபுரத்திலிருந்து மட்டுமல்ல, மூதூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். முயல்களைச் சேர விடுவதற்குப் பெண்ணைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டு போக வேண்டும். ஆணைக் கொண்டுபோய்ப் பெண்ணின் கூட்டில் விட்டால் பெண் அதைக் கடித்துத் துரத்திவிடும். அதனால் எல்லோரும் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வர வேண்டியிருந்தது. நான் காசு வாங்குவதில்லை. மனைவி இறந்த பிறகு அந்த வருகைகள்தான் எனக்கு மனித சகவாசம். கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, அரை மணி நேரம் கதைத்துத்தான் அனுப்புவேன். சந்தியில் என்னை ‘முயல் ஐயா’ என்றார்கள். அதில் எனக்குப் பெருமை.

அன்று விடியற்காலையில் இரண்டு பெண் முயல்கள் செத்துக் கிடந்தன. முந்தின நாள் மாலை அவை நன்றாகத்தான் தின்றன. தலை பின்னால் வளைந்திருந்தது. மூக்கருகே ஒரு துளி இரத்தம். வெயிலில் செத்த முயல் அப்படிக் கிடக்காது என்பது எனக்குத் தெரியும். துறைமுகத்தில், கப்பலில் வரும் கால்நடைகளின் கடதாசிகளைச் சரிபார்க்கும் எழுதுவினைஞனாக முப்பது வருடம் இருந்தவன் நான். நோயை மறைத்துக் கடதாசி நிரப்புகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இருந்தும், அன்று நான் முதலில் எடுத்தது மண்வெட்டியை. வேலியோரம் இரண்டையும் புதைத்தேன், கூட்டைக் கழுவினேன், போட்டிருந்த சட்டையை மாற்றினேன்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கணவன் கத்தாருக்குப் போய்த் தொடர்பில்லாமல் போனவன். பதினான்கு முயல்களும் ஒரு தையல் இயந்திரமுமாக அவள் தன் மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் கூடையில், துவாயால் மூடி, ஒரு கறுப்புப் பெண் முயலைக் கொண்டு வந்திருந்தாள்.

“என்ன ஐயா, குளிச்சு வெளிக்கிட்டு நிக்கிறீங்கள். கலியாணம் உங்கட முயலுக்கா, உங்களுக்கா?”

நான் சிரித்தேன். “இண்டைக்கு வேண்டாம் பிள்ளை” என்று சொல்ல வாய் திறந்தேன். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் பின்னேரத்துக்குள் தெருவுக்கே தெரியும். பிறகு என் படலையை யாரும் திறக்க மாட்டார்கள். “கொண்டா பிள்ளை” என்றேன்.

ஆண் முயல் வேலையை முடித்து, வழக்கம்போல ஒரு சத்தத்துடன் பக்கவாட்டில் சரிந்தது.

“பாருங்கோ, மாப்பிள்ளை மயங்கி விழுந்திட்டார்!” என்று அவள் கைதட்டிச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் அந்த ஆண் முயல் செத்தது. அதையும் புதைத்துவிட்டு, வெறுங்கூடு தெரியாதபடி அதன் முன்னால் சாக்கொன்றைத் தொங்கவிட்டேன். அடுத்த நாள் வேலிக்கு அப்பால் அவளுடைய அழுகுரல் கேட்டது. அவளுடைய முயல்கள் சாகத் தொடங்கியிருந்தன. இரண்டு நாளில் பெரிய முயல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு பெட்டிக்குள், தாய் உதிர்த்த மயிருக்கு நடுவே, கண் திறக்காத குட்டிகள் மட்டும் உயிரோடு நெளிந்தன. அவளும் மகளும் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவையும் தப்பவில்லை.

“ஐயா, உங்கட வீட்டில ஏதும் செத்ததா?” என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப நான் வெட்டின புல்லுத்தான். வாய்க்கால் பக்கம் ஆரோ மருந்தடிச்சவங்கள் எண்டு பிறகுதான் கேள்விப்பட்டனான்.”

ஒரு கிழமை கழித்து, என் ஆண் முயலும் செத்துவிட்டது என்று சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள். “அந்தப் புல்லு நஞ்சை என்ர முயல் கொண்டு வந்து குடுத்திட்டுது போல. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா” என்றாள். நான் “பரவாயில்லை” என்றேன். நான் செய்தவற்றில் இதைவிடக் கேவலமானது ஒன்றுமில்லை.

பின்னர் மிருக வைத்தியரிடம் போய், யாரோ ஒருவருடைய முயல்கள் என்பதுபோலக் கேட்டேன். முயல்களை மட்டும் தாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது, ஈரலைக் கெடுத்து ஓரிரு நாளில் கொன்றுவிடும், கூட்டிலும் எச்சத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், கையிலும் செருப்பிலும்கூடப் போகும் என்றார். “அதுதானோ எண்டு இப்ப சொல்ல ஏலாது. செத்ததை அண்டைக்கே கொண்டு வந்திருக்க வேணும்” என்றார். ஆகவே அந்த நோயின் பெயரும் எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நானே புதைத்துவிட்டேன்.

போன மாதம் அவள் மறுபடி படலையைத் திறந்து வந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு. வெருகலில் இருக்கும் அக்கா இரண்டு சோடி முயல் தருகிறாளாம். “உங்கட கூடுகள் சும்மா தானே கிடக்கு. தாங்கோவன் ஐயா.”

“அந்தக் கூடுகள் வேண்டாம் பிள்ளை” என்றேன். இந்த முறை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கூடுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“செத்ததை எத்தினை மணிக்குக் கண்டனீங்கள்?”

“காலமை ஆறு மணி.”

“நான் பத்துக்கு வந்தனான்.”

“ஓம்.”

“நாலு மணித்தியாலம் இருந்தது. படலையில வைச்சு ஒரு வார்த்தை. நான் அப்பிடியே திரும்பிப் போயிருப்பன்.” குரலை உயர்த்தவில்லை. “என்ர மகள் இண்டைக்கும் தான் வெட்டின புல்லாலதான் எல்லாம் செத்ததெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். தெரியுமே உங்களுக்கு? அவளைத்தான் நான் வாய்க்காலுக்கு அனுப்பினனான். நான் வெட்டினதெண்டு உங்களுக்குச் சொன்னது அவளுக்காக.”

எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை இத்தனை மாதமாக என்னைக் கண்டால் தலை குனிந்து போவதைப் பார்த்திருக்கிறேன். வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

“நான் வந்து சொல்லுறன்” என்றேன்.

“ஓம், நீங்கள்தான் சொல்ல வேணும். நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பாள். இப்ப வாங்கோ. செருப்பைக் கழட்டிப்போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ.”

கிணற்றடியில் கை கழுவும்போது அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது, “இன்னொருக்கா” என்றாள். மறுபடி கழுவினேன். பிறகு வெறுங்காலுடன் அவள் பின்னால் நடந்தேன்.