கந்தசஷ்டி விரதமிருந்த நாய்

கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் மச்சம், மாமிசம் புழங்காது. நானும் மனைவியும் மாலையில் ஒருவேளை மட்டும் சாப்பிடுவோம். கோழிக் கழுத்தும் சோறுமாக இருவேளை சாப்பிட்டுப் பழகிய நாய்க்கும் சென்ற வருடம் அதையே நடைமுறைப்படுத்தினோம். மாலையில் ஒருவேளை, பருப்பும் சோறும். ஒரு குசினியில் இரண்டு சட்டம் வேண்டாம் என்பது மனைவியின் கருத்து. எனக்கும் அதில் பிழை தெரியவில்லை.

மூன்றாம் நாள் நாய் குப்பை வாளியைக் கவிழ்த்தது. நான்காம் நாள் தன் சாப்பாட்டுக் கோப்பைக்கு அருகே போனவர்களைப் பார்த்து உறுமியது.

"ஆளுக்கு விரதம் பிடிக்கேல்லைப் போல," என்றாள் மனைவி. சிரித்தோம்.

ஐந்தாம் நாள், கீழே விழுந்த வடையை எடுக்க எங்கள் ஒன்பது வயது மகள் குனிந்தாள். நாய் பாய்ந்தது. பல் அவளுடைய கண்ணுக்கு ஒரு விரலளவு கீழே பட்டது.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி ஊசி போட்டார்கள். மகள் அழவில்லை. தாதி எனக்குத்தான் உட்காரக் கதிரை கொண்டுவந்து தந்தார்.

மறுநாள் நாயைக் கிருலப்பனையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

"சாப்பாட்டில ஏதும் மாத்தினீங்களோ?"

"விரதம், டொக்டர்."

"அது உங்களுக்கு. நாய்க்கு?"

"அதுக்கும்தான்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "திடீரெண்டு சாப்பாட்டை மாத்தி, அளவையும் பாதியாக் குறைச்சிருக்கிறீங்கள். பசிச்ச நாய் கிடைச்சதைக் காக்கத்தான் பார்க்கும். முருகனுக்கு விரதம் எண்டு அதுக்கு ஆர் சொன்னது?"

நான் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

நாயை நுகேகொடையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றாள் மனைவி. "இன்னொருக்காக் கடிச்சா என்ன செய்யிறது?"

கன்னத்தில் பிளாஸ்டரோடு மகள் சொன்னாள்: "அம்மா, அந்த அஞ்சு நாளும் அப்பாவும்தான் எல்லாரிலயும் எரிஞ்சு விழுந்தவர். அவரையும் மாமா வீட்டை அனுப்புவமோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். சற்று யோசித்ததுபோலத்தான் இருந்தது.

நாய் எங்களோடுதான் இருக்கிறது. இப்போது எந்த விரதமானாலும் இருவேளையும் பல்கனியில் அதன் சாப்பாடு அதற்கு. சாப்பிடும்போது யாரும் கிட்டப் போகக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. கண்ணாடிக் கதவைச் சாத்தி, பிடியில் கை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

"முடிச்சிட்டான் அப்பா, திறவுங்கோ," என்கிறாள் மகள்.

கோப்பை வெறுமையாகத்தான் இருக்கிறது. அவளை இரண்டடி பின்னால் போகச் சொல்லிவிட்டு, இன்னொரு முறை பார்க்கிறேன்.