பதினெட்டாவது சாவி

"சார், பேரன் போட்டோவ உள்ள வைங்க. ஆபீசர் கேட்டாரா? கேக்கல இல்ல? அப்பால இன்னாத்துக்கு எடுக்கறீங்க?"

நேர்காணல் ஒத்திகையில் ஜூடித் ஆன்ட்டி இப்போது விசா அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால் அதிகாரி. ஏற்றினால் பழையபடி லிங்கராஜபுரத்து ஜூடித் ஆன்ட்டி. எதிரே வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பவர் மல்லேஸ்வரத்துச் சுந்தரேசன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். முப்பது வருடம் அடுத்தவரைக் கேள்வி கேட்டே பழகிய மனிதருக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் அவர் மனைவி ஜானகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"பொய் சொல்லாதீங்க. கதையும் சொல்லாதீங்க. கேட்டா கேட்டதுக்கு மட்டும். ஆய்த்து."

'ஆய்த்து' என்ற கன்னடச் சொல் இல்லாமல் ஆன்ட்டிக்கு எந்த வேலையும் முடியாது. பிறந்தது கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத் தொழிலாளி. பெங்களூருக்கு வந்து ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தார். ஓய்வு பெற்ற மாதம், பக்கத்துத் தெரு எலிசபெத் தன் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போவதற்கு ஆன்ட்டி ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தார். விசா வந்துவிட்டது. சாஃப்ட்வேர் பிள்ளைகளைப் பெற்ற பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? அன்றிலிருந்து அவர் வாசலில் செருப்புகள் குறைந்ததே இல்லை. மாடியில் குடியிருக்கும் நான் ஐந்து வருடமாக அவற்றைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன்.

மேஜையில் இரண்டு அடுக்கு ஃபாரங்கள். மெல்லியது, சில மாதம் போய்வருவதற்கு. தடித்தது, ஒரேயடியாகப் போய்ப் பிள்ளைகளோடு தங்குவதற்கு. பறக்காமலிருக்க இரண்டின் மேலும் அப்பா கொண்டுவந்த தங்கவயல் கற்கள். அவற்றில் தங்கம் இருக்கிறதா என்று கேட்காத ஆளில்லை. "இருந்தா நான் ஏன் ஃபாரம் எழுதறேன்?" என்பார்.

எந்த அடுக்கில் கை வைப்பது என்று முடிவு செய்ய அவர் வயதையும் பென்ஷனையும் கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"வூட்டுச் சாவிய யாருகிட்ட குடுத்துட்டுப் போவீங்க?"

சட்டென்று ஒரு பெயர் வந்தால் மெல்லிய ஃபாரம். அந்த ஆள் திரும்பி வந்துவிடுவார், அவருக்கு இங்கே மனுஷாள் இருக்கிறார்கள். 'சாவியா?' என்று விட்டத்தைப் பார்த்தால் தடித்ததைப் பற்றிப் பேசலாம். சுந்தரேசன் தடித்த ஃபாரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வந்தவர்.

"சாவி என்ன சாவி? வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

அதே நொடியில் ஜானகி, "எதிராத்து வீணாகிட்ட. மல்லிக்கு அவதான் தண்ணி விடுவா" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் ஆன்ட்டி மெல்லிய ஃபாரத்தை உருவி, பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார். "ஆறு மாசம் ருசி பாருங்க சார். பிடிச்சா பெருசு ஓடியா போயிடும்?" சுந்தரேசன் முனகினார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

கேள்விக்கு ஆளே சொல்ல முடியாமல், ஆனாலும் திரும்பி வரவே நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் சாவி ஆன்ட்டியிடமே வந்துவிடும். கதவுக்குப் பின்னால் ஒரு பலகையில் பதினேழு ஆணி, பதினேழு சாவி. பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய அட்டை ஒவ்வொன்றிலும் தொங்கும். பெயரும், திரும்பும் தேதியும். ஃபாரங்களை இங்க் பேனாவில்தான் எழுதுவார். இந்தத் தேதி மட்டும் பென்சிலில். 'இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வரோம்' என்று எங்கிருந்தாவது போன் வரும். ரப்பரை எடுத்து அழிப்பார். சில அட்டைகள் அழித்து அழித்து நைந்தே போய்விட்டன. சனிக்கிழமை தோறும் குடையோடு கிளம்பி வீடு வீடாக ஜன்னல் திறப்பார், குழாயில் தண்ணீர் விடுவார். ஒரு வீட்டு ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்வதும் உண்டு. ஓட்டத் தெரியாது. தெருவே கூடி வேடிக்கை பார்க்கும்.

அவருக்கு ஒரே மகன், டொமினிக், மெல்பர்னில். கணவர் தவறி எட்டு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து வந்ததும் டொமினிக்கின் போன் வரும். காது மந்தம் என்று ஆன்ட்டி ஸ்பீக்கரைப் போட்டுவிடுவதால் மாடி வரைக்கும் கேட்கும்.

"தனியா அங்க இன்னாம்மா பண்ற? நிரந்தரமா வந்துடு."

"தனியாவா? பதினேழு வூடு இருக்குடா எனக்கு."

சிரிப்பார். ஆனால் டொமினிக் அனுப்பிய தடித்த ஃபாரம் மூன்று மாதமாகத் தையல் மெஷின் மேல் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் அரை மணியில் எழுதித் தருபவர், அதில் தன் பெயரைக்கூட எழுதவில்லை. மருமகளுக்கு டிசம்பரில் பிரசவம். மகன் கூப்பிடுவதிலும் தப்பில்லை. ஒருநாள் தாங்காமல் நானே கேட்டேன்: "ஆன்ட்டி, உங்க சாவிய யாருகிட்ட குடுப்பீங்க?"

வாய் ஓயாத மனுஷி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் போய்விடக் கூடாதே என்று எனக்கு இருந்தது. ஒரு பாட்டியை அவள் பேரக்குழந்தையிடமிருந்து பிடித்து வைக்க நான் யார் என்று வெட்கமாகவும் இருந்தது.

போன சனிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். தோசைக் கரண்டியோடு திறந்தேன். ஆன்ட்டி நிற்கிறார், மார்போடு அணைத்தபடி அந்தப் பலகை. சாவிகள் கலகலவென்று ஆடுகின்றன.

"தனம், சுத்தியல் இருக்கா?"

"எதுக்கு ஆன்ட்டி?"

"விசா வந்துட்ச்சு. சின்னதுதான், மூணு மாசம். உன்கிட்டகூடச் சொல்லாம போட்டேன். ஊருக்கெல்லாம் ருசி பாக்கச் சொல்றேன், நான் பாக்க வேணாமா?"

"அப்போ அந்தப் பெருசு?"

"மெஷின் மேலதான் இருக்கு. எங்க ஓடும்?"

அவரே பலகையைத் தரையில் வைத்து, குந்தி உட்கார்ந்து, பதினெட்டாவது ஆணியை அடித்தார். இடுப்பிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்து மாட்டினார். எந்த வீட்டு ஜன்னல் இறுகும், எந்தக் குழாய் ஒழுகும் என்று மூச்சு விடாமல் சொன்னார். ஸ்கூட்டரையும் சொன்னார். அடுப்பில் என் தோசை கருகும் வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அவர் சாவியில் தொங்கிய அட்டையில் பெயர் மட்டும் இருந்தது. மற்ற பதினேழிலும் பென்சில் தேதி இருந்ததால், அலமாரியிலிருந்து என் பென்சிலை எடுத்து நீட்டினேன். அதை ஒதுக்கிவிட்டுக் கைப்பையிலிருந்து இங்க் பேனாவை எடுத்தார். மார்ச் ஒன்பது என்று அழுத்தி எழுதி, மை காயும்வரை ஊதினார்.